ஏரிக்கரையில் ஒரு குட்டிக் கோள்



ஒன்ராறியோ ஏரியோரம் சுமார் 15 கிலோமீற்றர் நீளும் ஸ்காபரோ புளவ்ஸ் குன்றுகளைக் கைத்தொலைபேசிப் பனோரமாவில் பிடிக்காதவர்கள் நம் சபையில் குறைவு. அந்தப் படங்களில் நேரான நடைபாதை வில்லாக வளைந்திருக்கும். கை ஆடியதால் அல்ல.

நம்மைச் சுற்றியுள்ள காட்சி ஓர் உருண்டையின் உட்புறம் போன்றது. அதைத் தட்டையாக விரிக்கும் முறைதான் புரொஜெக்சன். தோடம்பழத் தோலைக் கிழிக்காமல் மேசையில் பரப்பிப் பாருங்கள், சிக்கல் விளங்கும். மேர்கேட்டர் 1569இல் தந்த முறையில் வரைந்த உலகப்படத்தில் கிரீன்லாந்து ஆபிரிக்காவளவு தெரிகிறது. உண்மையில் ஆபிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரிது. தொலைபேசிப் பனோரமா பொதுவாக உருளை முறை. மரம் நிமிர்ந்து நிற்கும், பாதை வளையும்.

ஹகின் என்ற இலவச மென்பொருளில் வேறு முறைகளும் உண்டு. ஸ்டீரியோகிராபிக்கைத் தெரிந்து, பார்வையைக் கீழ்நோக்கித் திருப்பினால் அடிவானம் வட்டமாகும். நம் காலடி நடுவில், ஒருபக்கம் ஏரி தட்டையாக, மறுபக்கம் குன்றுகள் முள்முள்ளாக. குட்டிக் கோள்! மேல்நோக்கித் திருப்பினால் கிணற்றுக்குள் இருந்து வானம் பார்ப்பதுபோல் வரும். எங்களுக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்; 121ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் பாருங்கள்.

எடுக்கும்போது உங்கள் உடம்பைச் சுற்றியல்ல, லென்ஸைச் சுற்றித் திரும்புங்கள். ஒவ்வொரு படமும் அடுத்ததோடு மூன்றிலொரு பங்கு மேவட்டும். வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். வானத்தையும் காலடியையும் மறக்கவேண்டாம். குன்றின் விளிம்பு அரிக்கிற மண், வேலி தாண்டாதீர்கள். கடற்கரை மணலில், குன்றடியிலிருந்து விலகி நின்றாலே போதும்.

இதெல்லாம் விளையாட்டு மட்டுமல்ல. ஆலயக் குழுப்படங்களில் வரிசையின் ஓரக் கதிரைகளில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் நம் அப்பம்மாக்களும் தாத்தாக்களும். அகலக்கோண லென்ஸ் கோடுகளை நேராக வைத்து, ஓரத்து முகங்களை இழுத்துவிடும். அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை; அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவதுமில்லை. ஸ்டீரியோகிராபிக்கில் ஓரத்து முகம் சற்றுப் பெரிதாகும், ஆனால் முகமாகவே இருக்கும். ஆலயத்தின் உட்புறத்துக்குப் பானினி முறை நல்லது. 18ஆம் நூற்றாண்டில் ரோமில் பேதுரு பேராலயத்தின் உட்புறத்தைத் தீட்டிய ஓவியரின் பெயர் அது. தூண்களும் நடுவை நோக்கி ஓடும் கோடுகளும் நேராக நிற்கும்.

அறுவடைப் பண்டிகைப் படத்துக்கு இதைச் செய்து பாருங்கள். இடமிருந்தால் கமராவோடு பத்தடி பின்னே போய்ச் சற்றுச் சூம் செய்யுங்கள்; மென்பொருளே தேவைப்படாது.