பூட்டை அடைக்கும் மாத்திரை

எங்கள் திருப்புட்குழிக்கு வெளியூரிலிருந்து வருகிற பெண்களில் பலர் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள். விஜயராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மரகதவல்லித் தாயாரை வேண்டிக்கொண்டு, வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு தூங்குவார்கள். காலையில் பயறு முளை விட்டிருந்தால் தாயார் கண் திறந்துவிட்டாள் என்பது நம்பிக்கை.

போன தை மாதம் அப்படி வந்த ஒரு பெண் குளக்கரையில் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். முப்பத்துமூன்று வயது இருக்கும். ஒரே பெண் குழந்தை. மார்பில் புற்றுக் கட்டி வந்து, ஆபரேஷன், கரண்ட் வைப்பது எல்லாம் முடிந்து ஒரு வருஷம் ஆயிற்றாம்.

"கட்டியைத்தான் எடுத்துட்டாங்களே அக்கா! இன்னும் 5 வருஷம் தினம் ஒரு மாத்திரை போடணுமாம். அதைப் போட்டா குழந்தை உண்டாகக் கூடாதாம். அதனால நானே நிறுத்திட்டேன்."

"டாக்டரம்மாகிட்ட சொன்னியாம்மா?"

"இல்லக்கா. திட்டுவாங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சகோதரிகளே, அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மார்பகப் புற்றில் பெரும்பாலானவை பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை உண்டு வளர்பவை. அந்தப் புற்று செல்லுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன்தான் சாவி. சாவி நுழைந்து திரும்பினால் 'வளரு, பெருகு' என்று செல்லுக்கு உத்தரவு போகும். டாமாக்சிபென் மாத்திரை ஒரு பொய்ச் சாவி. பூட்டுக்குள் போய் உட்காரும், ஆனால் திரும்பாது. நிஜச் சாவிக்கு இடமில்லை!

கட்டியை எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் எலும்பிலோ ஈரலிலோ ஒளிந்திருக்கலாம். வருஷக் கணக்கில் தூங்கக்கூடியவை அவை. மாத்திரையை விட்டால் பூட்டு காலியாகிவிடும். வலியோ காய்ச்சலோ இல்லாததால் நமக்குத் தெரியவும் தெரியாது. ஹார்மோன் பூட்டு உள்ள புற்றில் 5 வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிடையே, அடுத்துவரும் ஆண்டுகளில் அந்த நோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

இந்த மருந்தின் பூர்வ கதை வேடிக்கையானது. 1962-ல் இங்கிலாந்தில் கருத்தடைக்காகத் தயாரித்தார்கள். பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் கரு முட்டையைத் தூண்டிவிட்டது! அந்த வேலைக்கு உதவாமல் போனது, 1973-ல் அங்கே மார்பகப் புற்றுக்கு மருந்தாக வந்தது.

ஆகவே இதைச் சாப்பிடும்போது மாதவிலக்கு தப்பிப் போனாலும் கரு தங்காது என்று இருந்துவிடாதீர்கள். தங்கும். வயிற்றுக் குழந்தைக்கு ஊனம் வரலாம். தடுப்பு முறை அவசியம், அதுவும் ஹார்மோன் இல்லாத முறை. தாய்ப்பால் கொடுப்பதும் கூடாது.

அப்படியானால் இரண்டாவது குழந்தை ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா? 2023-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. பல தேசங்களைச் சேர்ந்த, 42 வயதுக்கு மேற்படாத ஐந்நூற்றுச் சொச்சம் பெண்கள், 18 முதல் 30 மாதம் வரை ஹார்மோன் மருந்து சாப்பிட்டபின், டாக்டர்களின் கண்காணிப்பில் அதிகபட்சம் 2 வருஷம் நிறுத்தினார்கள். மருந்து உடம்பை விட்டுப் போக 3 மாதம் காத்திருந்து, பிறகே கருவுற முயன்றார்கள். சுமார் 3 வருஷம் கவனித்ததில், நிறுத்தாதவர்களைவிட இவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பவில்லை. பல வருஷம் கழித்து எப்படி என்பதை இன்னும் பார்த்து வருகிறார்கள். பிள்ளை பெற்ற பின் மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும் என்பதும் ஏற்பாடு. நோயின் நிலையைப் பொறுத்து யாருக்கு இது சரிப்படும் என்று டாக்டர்தான் சொல்ல முடியும். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டுமே! கேட்டுவிடுங்கள்.

உடம்பு குபீரென்று சூடேறி வியர்ப்பது இந்த மாத்திரையில் சகஜம். பெரும்பாலும் போகப் போகத் தணியும். ஆனால் தீட்டு நின்ற பிறகு ரத்தம் கண்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் இதன் பலத்தைக் குறைத்துவிடும். வேறு எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். தீட்டு நின்றவர்களுக்கு லெட்ரோஸோல் போன்றவை உண்டு. அந்த வயதில் உடம்புக் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் தயாராவதையே அவை நிறுத்திவிடும்.

குறி பார்த்து அடிக்கும் இன்னொரு வகை மருந்தை எங்கள் ஊர் நெசவாளிக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஜக்கார்டு அட்டைகளை மாற்றிக் கோத்தால் கொடி வரவேண்டிய இடத்தில் அன்னம் வந்து நிற்கும். ஒரு வகை ரத்தப் புற்றில் 9-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால், ஓயாமல் 'பெருகு' என்று சொல்லும் புரதம் ஒன்று உண்டாகிறது. இமாடினிப் மாத்திரை அதன் வாயைத்தான் அடைக்கிறது. இதற்குக் கேட்ட ஒரு காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2013-ல் மறுப்பே நிலைத்தது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொன்ன மருந்தை நம் நாட்டுக் கம்பெனிகள் பத்தாயிரத்துக்குள் கொடுத்ததும் தொடர்ந்தது.

மார்பகப் புற்றில் 'ஹெர்-2' என்ற குறி அதிகமாக இருந்தால் அதற்கும் தனி ஊசி இருக்கிறது. யாருக்கு எது என்பது கட்டியின் சதையைச் சோதித்த காகிதத்தில் இருக்கும். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்றும் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கத்துக் காரப்பேட்டை அண்ணா ஆஸ்பத்திரியோ, அடையாறோ, எங்கே போனாலும் அந்தக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே அதையும் வையுங்கள்.