கதைக்குச் சொந்தக்காரர் யார்?

உலகத்தில் தீராத வழக்குகள் பல உண்டு. வாய்க்கால் வழக்கு, வரப்பு வழக்கு, பங்காளி வழக்கு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றோடு கதை வழக்கு என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் ஒரு கதையைச் சொல்கிறார். ஜனங்கள் அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளைபோல் பாவித்துச் சீராட்டுகிறார்கள். வருஷங்கள் சென்றபின் அதற்குத் தொடர்ச்சி என்று ஒன்று வருகிறது. உடனே, "இது நம்முடைய பிள்ளையே அல்ல; எவனோ வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்!" என்று ஒரு கட்சி கூக்குரலிடுகிறது. "பிள்ளை வளர்ந்தால் முகம் மாறாதா?" என்று மறு கட்சி சமாதானம் சொல்கிறது. விஞ்ஞானக் கற்பனைக் கதைகளின் விஷயத்தில் இந்த வழக்கு மிகவும் உக்கிரமாக நடந்து வருவதைக் காண்கிறோம்.

இது ஏதோ சென்னைப் பட்டணத்துக்கு மட்டும் உரிய விவகாரம் என்று யாரும் எண்ண வேண்டாம். தர்மபுரி ஜில்லாவில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இருக்கும் ஏரியூரில்கூட இந்த வழக்குக்கு வாதி உண்டு, பிரதிவாதி உண்டு. 2018-ஆம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி '2.0' என்னும் படம் வெளியாயிற்று. பஸ் ஏறிப் போய் அதைப் பார்த்துத் திரும்பியவர்கள் டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "கைபேசிகளெல்லாம் பறவைபோல் கூட்டமாய்ப் பறந்து வந்ததே, அதைப்போல் நம் பாஷையில் யார் எடுத்திருக்கிறார்கள்?" என்பது ஒரு கட்சி. "பறந்தது சரிதான், பழைய சிட்டியின் குறும்பு எங்கே? பேச்சில் இருந்த அந்தச் சிரிப்பு எங்கே?" என்பது மற்றொன்று.

இரண்டாவது கட்சியின் குறையில் நியாயம் இல்லாமற் போகவில்லை. 2010-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி வெளிவந்த 'எந்திரன்' படத்தின் வசனத்தில் சுஜாதாவின் கை இருந்தது. ஆனால் படம் வெளிவருவதற்கு முன்பே, 2008 பிப்ரவரி 27-ந் தேதி அவர் காலமாகிவிட்டார். அடுத்த படத்துக்கு வசனம் எழுத ஜெயமோகன் வந்தார். அவர் பெரிய எழுத்தாளர்தாம். ஆயினும் ஒருவருடைய சிரிப்பை மற்றொருவர் சிரிக்க முடியாதல்லவா?

சுஜாதாவைப் பற்றி இளைய வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ரங்கராஜன் என்பது அவருடைய இயற்பெயர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்தாபனத்தில் என்ஜினீயராக உத்தியோகம் பார்த்தவர். வாக்குப் பதிவு யந்திரம் உருவான வேலையில் பங்கு கொண்டவர். யந்திரங்களோடு பகலெல்லாம் பழகியவராதலால், யந்திரத்தைப் பற்றிக் கதை எழுதும்போது அவர் பயமுறுத்தவுமில்லை, பூஜை செய்யவுமில்லை. 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதையை எழுதினார். 2021-ஆம் வருஷத்தில் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் தேசம் இருப்பதாகக் கதை. அதில் நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக வந்த ஜீனோ என்னும் யந்திர நாய்க்குட்டி, தமிழ்க் குடும்பங்களில் ஓர் அங்கத்தினராகவே ஆகிவிட்டது. ஜனங்களுக்கு அது போதவில்லை. பிறகு 'மீண்டும் ஜீனோ' வந்தது. தூர்தர்ஷனிலும் கதை நாடகமாக வந்தது. வாரந்தோறும் வாசித்தவர்கள் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு ஜீனோ வளர்ந்திருந்தது. ஆயிரம் வீட்டில் ஆயிரம் நாய்க்குட்டி! எந்தப் பெட்டியில் எந்த நாய்க்குட்டியைக் காட்டினாலும் அத்தனை பேருக்கும் திருப்தி ஏற்படுமா?

சீமையிலும் அமெரிக்காவிலும் இந்த வழக்குக்கு வயது அதிகம். 1893-ல் கானன் டாயில் தம்முடைய துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸைக் கதையில் சாகடித்தார். வாசகர்களின் கோபத்துக்குப் பத்து வருஷம் ஈடுகொடுத்துப் பார்த்துவிட்டு, 1903-ல் அவரை உயிரோடு திரும்ப அழைத்து வந்தார். அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விண்வெளித் தொடர் டெலிவிஷனில் ஆரம்பமாயிற்று. இரண்டு வருஷத்துக்குள் அதை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ரஸிகர்கள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச்சு மாதத்தில், தொடர் நீடிக்கும் என்று கம்பெனியார் டெலிவிஷனிலேயே அறிவிக்கும்படி ஆயிற்று. அப்படியும் 1969-ல் அது நின்றுவிட்டது. ஆனால் கதை சாகவில்லை. 1980-களில் நம் தூர்தர்ஷனிலும் அதைக் காட்டினார்கள்.

வேடிக்கை இனிமேல்தான் இருக்கிறது. 1987-ல் அதே பெயரில் புதிய தொடர் ஒன்று வந்தது. தலைவர் வேறு, மாலுமிகள் வேறு. கதைக்காகக் கடிதம் எழுதிப் போராடிய ரஸிகர்களிலேயே பலர், "கேப்டன் கர்க்கும் ஸ்போக்கும் இல்லாமல் ஒரு ஸ்டார் ட்ரெக்கா?" என்று முகத்தைச் சுளித்தார்கள். அந்தத் தொடரோ 1994 வரையில் ஏழு வருஷம் ஓடிற்று. பிறகு 2017-ல் 'டிஸ்கவரி' என்று மற்றொன்று வந்தபோது, முன்னே வேண்டாதது என்று தள்ளப்பட்ட 1987-ஆம் வருஷத்துத் தொடரைக் காட்டி, "ஆகா, அதுவல்லவா ஸ்டார் ட்ரெக்!" என்று பேசினார்கள். நேற்றைய மருமகள் இன்றைய மாமியாராவது குடும்பங்களில் மட்டும் நடக்கும் விஷயமன்று.

நிற்க. இந்தச் சண்டையைக் கண்டு வருந்துவதா, மகிழ்வதா? நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1965-ல். அதற்கு முன் ஏரியூரும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததே. அந்தச் சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸார் 1952-ல் அமெரிக்கர்களோடு சேர்ந்து 'காடு' என்னும் படத்தை எடுத்தார்கள். பூண்டோடு அழிந்துபோன ரோமமுள்ள ராட்சஸ யானைகள் நம் காட்டில் உயிரோடு திரிவதாகக் கதை. 1963-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'யில் வேறு கிரகத்திலிருந்து மனிதர்கள் வந்து இறங்கினார்கள். இவை வந்தன, போயின. இவற்றுக்குத் தொடர்ச்சி வேண்டும் என்று கேட்டவரும் இல்லை, வந்தால் கெட்டுப்போகும் என்று அஞ்சியவரும் இல்லை. ஆகவே, ஒரு கதைக்காக ஜனங்கள் சண்டை போடுகிறார்கள் என்றால், அந்தக் கதைக்கு உயிர் இருக்கிறது என்றுதான் அர்த்தம். சண்டை கூடாது என்பது நம்முடைய கட்சி அல்ல. எதற்காகச் சண்டை போடுவது என்பதில்தான் விவேகம் வேண்டும்.

'2.0' விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய நாயகி எங்கே, பாட்டு எங்கே என்று பேசப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்காவது, படம் சொன்ன விஞ்ஞானம் மெய்தானா என்று பேசப்பட்டதா? பறவைகளை நேசித்த ஒரு பெரியவர், கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் அவை மடிவதைக் கண்டு மனம் உடைந்து உயிர் விடுகிறார். பின்னர் பழி வாங்க வருகிறார். அவருடைய வேஷம் பறவையியல் மேதை ஸலீம் அலியை நினைவூட்டியது. பார்த்தவர் கண்கள் கலங்கின. வெளியீட்டுக்கு முன்பே கைபேசிக் கம்பெனிகளின் சங்கம் தணிக்கை அதிகாரிகளிடம் ஆட்சேபம் தெரிவித்தது. கம்பெனிகள் தங்கள் லாபத்தை நினைத்துப் பேசியிருக்கலாம். ஆனால் கோபுரக் கதிர்வீச்சினால்தான் சிட்டுக்குருவிகள் அழிகின்றன என்பது நிரூபணமான உண்மையும் அன்று. கூடு கட்ட இடமில்லாத புதுமாதிரி வீடுகள், பூச்சிமருந்து, குஞ்சுகளுக்கு வேண்டிய புழுபூச்சிகள் குறைந்தது என்று வேறு பல காரணங்களையும் அறிஞர்கள் எடுத்துச் சொல்கிறார்கள்.

இது வெறும் வாதமென்று தள்ளக்கூடியதன்று. ஏரியூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் தகப்பனார் பெங்களூரில் கட்டட வேலைக்கும், அண்ணன் திருப்பூரில் பனியன் வேலைக்கும் போயிருப்பது சகஜம். பாட்டியிடம் வளரும் குழந்தை தாய் தகப்பனின் குரலைக் கேட்பது அந்தக் கோபுரத்தின் தயவினால்தான். அதை நச்சு மரமென்று குழந்தை நம்பலாமா? குருவி ஏன் குறைந்தது என்று ஆராய வேண்டிய புத்தி, கண்ணில் பட்டதைக் குற்றவாளியாக்கித் திருப்தி அடையலாமா? சுஜாதா இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று ஏங்குகிறவர்கள், அவருடைய சிரிப்பை மட்டும் தேடினால் போதாது. கேள்வி கேட்கும் அவருடைய பழக்கத்தையும் தேட வேண்டும்.

மற்றொரு விஷயமும் உண்டு. கதையின்மேல் வைத்த அன்பு மனிதர்மேல் கொடுமையாக மாறக் கூடாது. 2017 டிசம்பரில் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கெல்லி மேரி டிரான் என்ற வியட்நாமிய வம்சத்துப் பெண் நடித்தார். கதை பிடிக்காத சிலர் அவருடைய இனத்தையும் உருவத்தையும் பழித்து ஏசினார்கள். பொதுமேடையில் தாம் இட்ட படங்களையும் எழுத்துக்களையும் அவர் நீக்கிவிட்டு ஒதுங்கினார். கதை எழுதியவர் யாரோ. வசைச் சொல் கேட்டவர் நடித்த பெண்! இதற்கு ரஸனை என்று பெயரிட்டால், ரஸனை என்ற சொல்லை அகராதியிலிருந்து எடுத்துவிடுவது மேல்.

கதைக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டோம். எழுதியவருக்கு உரிமை உண்டு. பணம் போட்டவருக்குப் பத்திரம் உண்டு. வாசகருக்கு ஞாபகம் உண்டு. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தபோது காவிரிக்கரை ஊர்கள் பல நீருக்குள் போயின. இன்றும் கோடையில் நீர் வற்றினால், நாகமரைக்கு எதிரே பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி தலையைக் காட்டும். பெரியவர்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு வருவார்கள். அதற்காக அணையை இடிக்கச் சொன்னவர் எவரும் இல்லை. நந்தியை மறந்தவரும் இல்லை. புதிய கதை பழைய கதையின்மேல் நிறையும்போது நாமும் அப்படியே இருக்கலாம்.

ஜீனோவின் 2021-ஆம் வருஷம் வந்தது, போய்விட்டது. ஜீவா வரவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் யந்திரங்கள் மட்டும் வந்துவிட்டன. ஆகையால் அந்தப் புத்தகத்தைக் குழந்தைகள் கையில் கொடுப்பதற்கு இதைவிட நல்ல சமயம் இல்லை. படித்துவிட்டு, "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று அவர்கள் கேட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளலாகாது. வழக்கு அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டும்.