நாட்டுப்பண்ணில் இறைவன்

நாட்டுப்பண் என்பது ஒரு நாட்டு மக்கள் அனைவரும் ஒருங்கே நின்று ஒரே குரலில் இசைக்கும் பாடல். அங்ஙனம் இசைப்போருள் உருவமற்ற ஓரிறையை ஐவேளை தொழுவோர் உளர். உருவம் அமைத்து வழிபடுவோர் உளர். இறைவன் இல்லை என்போரும் உளர். இவ்வனைவர்க்கும் பொதுவான பாடலில் இறைவனைச் சுட்டுதல் வேண்டுமா, வேண்டாவா என்பது பல நாடுகளில் எழுந்த வினா. மலேசிய நாட்டுப்பண் இறைவனின் அருளைக் குறிப்பிடுகிறது. கடலிடுக்கிற்கு இப்பால் உள்ள சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணில் இறைவனைப் பற்றிய சொல்லே இல்லை. இரு நாட்டிலும் தமிழர் வாழ்கின்றனர், இரண்டையும் இசைக்கின்றனர். இறைநம்பிக்கை உடைய நாம் இவ்வினாவை எங்ஙனம் அணுகுதல் தகும்?

இதனை ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நமது வடசென்னையே போதும். இராயபுரத்தில் கடல்சார் மக்கள் போற்றும் தூய பேதுரு ஆலயம் உள்ளது. பார்சியர் 1910ஆம் ஆண்டில் எழுப்பிய தீக்கோயிலும் அங்கேயே உள்ளது. பள்ளிவாசல்களின் பாங்கொலி வேளைதோறும் எழுகின்றது. வடக்கே திருவொற்றியூரில் தேவார மூவரும் பாடிய திருக்கோயில் நிற்கின்றது. பகுத்தறிவு இயக்கத்திலிருந்து பிரிந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கவிழாப் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பர் 18ஆம் நாள் நடைபெற்றதும் இதே இராயபுரத்தின் இராபின்சன் பூங்காவில்தான். இம்மக்கள் அனைவரும் துறைமுகத்திலும் எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் தோளோடு தோள் சேர்ந்து உழைக்கின்றனர். இவர்கள் எல்லாரும் மனமொப்பிப் பாடக்கூடியது எதுவோ, அதுவே நாட்டுப்பண் ஆகும் தகுதி உடையது.

அப்பூங்காக் கூட்டம் நிகழ்ந்து ஒரு திங்கள் ஆவதற்குள், 1949 அக்டோபர் 17ஆம் நாள், தில்லியில் அரசியல் நிருணய சபை இதையொத்த வினாவைச் சந்தித்தது. அரசியலமைப்பின் முகப்புரை கடவுளின் பெயரால் தொடங்குதல் வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். அதனை எதிர்த்தவர்களுள் திருவிதாங்கூரின் பட்டம் தாணுப்பிள்ளையும் ஒருவர். அவர் இறைநம்பிக்கையாளர், ஆயினும், நம்பிக்கை பற்றிய செய்தியில் இது கட்டாயம் ஆகிவிடும் என்றார். வாக்கெடுப்பில் 41 பேர் ஆதரிக்க, 68 பேர் எதிர்க்க, திருத்தம் தோற்றது. எனினும் அரசியலமைப்பு இறைவனைப் புறந்தள்ளிவிடவில்லை. பதவி ஏற்போர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம்; அன்றி உளமார உறுதி கூறலாம். அவரவர் மனச்சான்றுக்கு இடம்விட்ட இவ்வேற்பாடு ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

இனி, நமது நாட்டுப்பண்ணை நோக்குவோம். 1911 டிசம்பர் 27ஆம் நாள் கல்கத்தாக் காங்கிரசு மாநாட்டில் முதன்முதலாக இசைக்கப்பெற்ற தாகூரின் பாடல், 1950 சனவரி 24ஆம் நாள் நாட்டுப்பண் ஆயிற்று. அப்பாடல் நாட்டின் விதியை வகுக்கும் தலைவனை விளித்துப் பாடுகின்றது. அத்தலைவன் ஆங்கில மன்னன் அல்லன் என்றும், காலங்காலமாக மானுடத்தை வழிநடத்தும் பேராற்றலே என்றும் தாகூர் 1937ஆம் ஆண்டில் ஒரு கடிதத்தில் விளக்கினார். ஆகவே, நம் நாட்டுப்பண் இறைவனைச் சுட்டவே செய்கின்றது. ஆனால் அங்குப் பெயர் இல்லை; உருவம் இல்லை; சமய அடையாளம் இல்லை. நம்பிக்கையுடையோர் அதில் தம் இறைவனைக் காணலாம். நம்பிக்கையற்றோர் மக்களின் ஆற்றலைக் காணலாம். திருவள்ளுவர் தம் முதல் அதிகாரத்தில் எச்சமயத்தின் தெய்வத்தையும் பெயர்சொல்லிக் குறிக்காத நெறியும் இத்தகையதே.

பங்கிம் சந்திரரின் வந்தே மாதரம் பாடலின் பிற்பகுதி துர்க்கையின் வடிவில் தாய்நாட்டைப் போற்றுவது. அதுபற்றி எழுந்த தடையைக் கருதியே 1937ஆம் ஆண்டில் காங்கிரசுச் செயற்குழு முதலிரு பத்திகளை மட்டும் பாடுமாறு பரிந்துரைத்தது. ஒருவரது பத்தியுணர்வு மற்றொருவர்க்குக் கட்டளையாகிவிடலாகாது என்பதே அம்முடிவின் உட்பொருள்.

தமிழகத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட மனோன்மணீய நாடகத்தின் தமிழ்த் தெய்வ வணக்கத்திலிருந்து அமைந்ததே தமிழ்த்தாய் வாழ்த்து. மூலப்பாடலில் பரம்பொருளின் மாறாத் தன்மை தமிழின் மாறாமைக்கு உவமையாக வருகின்றது. 1970ஆம் ஆண்டில் அரசு அப்பாடலை ஏற்றபோது, பிறமொழிகள் பற்றிய அடிகளோடு அவ்வுவமையும் விடுபட்டது. அதனால் தமிழின் பெருமை குன்றியதா? இல்லை, பரம்பொருளின் பெருமையும் குன்றவில்லை. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்ற அது, இன்று எல்லாச் சமயத்தார் மேடைகளிலும் ஒலிக்கின்றது.

‘இறைவனை மறந்த நாடு நன்றி மறந்த நாடாகிவிடாதா?’ எனச் சிலர் வினவலாம். அவர்தம் கவலை பொருளற்றதன்று. ஆயினும், இறைவனின் பெயர் பாடலில் இருந்தமையாலேயே அறம் தழைத்த நாடும் இல்லை. இல்லாமையாலேயே அறம் அழிந்த நாடும் இல்லை. மேலும், இறைவனின் பெயர் வாயளவில் உச்சரிப்பதற்குரிய ஒன்றன்று. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியார்க்குச் செய்த சூளைப் பிழைத்தமையால் சுந்தரர் கண்ணொளி இழந்தார் எனப் பெரியபுராணம் பேசுகின்றது. இறைவன் முன் உரைக்கும் சொல் எத்துணைப் பொறுப்புடையது என்பதற்கு இவ்வூரே சான்று. இசுலாத்திலும் தொழுகைக்கு நிய்யத்து, அதாவது நெஞ்சின் நாட்டம், இன்றியமையாதது. நாட்டம் இன்றி, சட்டத்திற்கு அஞ்சி இறைவனைப் போற்றும் நாவினால் இறைவனுக்குப் பெருமை சேருமோ? எனவே, இறைவன்பால் கொண்ட மதிப்பே அவன் பெயரைக் கட்டாயப் பாடலில் வைக்கத் தயங்கச் செய்கின்றது.

நாட்டைப் போற்றுதலும் இறைவனை வணங்குதலும் வெவ்வேறு என்பதை உமறுப்புலவர் நமக்கு உணர்த்தியுள்ளார். சீறாப்புராணத்தில் கடவுள் வாழ்த்துப் படலம் தனியே அமைந்துள்ளது. நாட்டுப் படலம் தனியே அமைந்துள்ளது. ஒன்றன் இடத்தை மற்றொன்று கவரவில்லை. மண்ணை வாழ்த்துவதால் ஈமான் குறையும் என அஞ்சுவோரும், இறைவனை மட்டுமே வணங்குவோர்க்கு மண்ணின்மீது பற்றில்லை என ஐயுறுவோரும் இவ்வமைப்பை எண்ணிப் பார்ப்பாராக.

பற்றினை நாவினால் மட்டுமே அளத்தல் தவறு என்பதை உச்ச நீதிமன்றமும் 1986 ஆகத்து 11ஆம் நாள் தெளிவாக்கியது. கேரளத்தில், சமயக் கொள்கை காரணமாக நாட்டுப்பண்ணைப் பாடாமல், ஆனால் மரியாதையுடன் எழுந்து நின்ற யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று மாணவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். அந்நீக்கம் செல்லாது என நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. எழுந்து நிற்றல் மரியாதை. பாடுமாறு வற்புறுத்தல் மனச்சான்றின்மீது தொடுக்கும் வன்முறை.

ஆகவே நமது முடிபு இது: அனைவர்க்கும் பொதுவான பாடல் இறைவனைச் சுட்டாதிருத்தல் நன்று, சுட்டுமாயின் பெயரும் உருவமும் இன்றிச் சுட்டுதல் வேண்டும், எவ்வாறாயினும் எவர் நாவையும் வற்புறுத்தலாகாது.

மாணவச் செல்வங்களே! நம் விழாக்கள் கிராஅத்துடன் தொடங்குகின்றன. அடுத்துத் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிக்கின்றது. இறுதியில் நாட்டுப்பண் இசைக்கப்பெறுகின்றது. இறைக்கு ஓரிடம், மொழிக்கு ஓரிடம், நாட்டிற்கு ஓரிடம். மூன்றனுள் எதனையும் எவர்பொருட்டும் நாம் விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. நாட்டுப்பண் ஒலிக்கும்போது நிமிர்ந்து நில்லுங்கள். அருகில் நிற்பவன் உதடு அசைகின்றதா எனப் பார்க்க வேண்டா. அவன் நெஞ்சம் அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் உரியது.