கடல் எங்கே டீச்சர்?



பெங்களூரு விவேக் நகரில் வியாழக்கிழமை வந்தால் எங்கள் அலுவலகத்தில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் ஆட்டோ அங்குலம் அங்குலமாக நகரும். நவநாள் முடித்த கையோடு மாடியேறி எங்களையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வாசகர்கள் சிலர் உண்டு. சென்ற வியாழன் அப்படி வந்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு சிங்கப்பூர் போய், அங்கிருந்து சொகுசுக் கப்பலில் நான்கு நாள் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். உட்காரும் முன்பே கைப்பேசியை நீட்டினார். நீர்ச்சறுக்கு, நாடக அரங்கு, கடைவீதி, தட்டு நிறையக் கேக். நாற்பது படம் தள்ளியிருப்பேன்.

“கடல் எங்கே டீச்சர்?” என்றேன்.

சிரித்துக்கொண்டே ஒரு படத்தைத் தேடி எடுத்தார். அறைச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு திரை, அதில் அலைகள். “எங்க ரூம்ல ஜன்னல் கிடையாது சார். வெளியில கேமரா வச்சு கடலை இதுல காட்டுறாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. உப்புக் காத்து மட்டும் வரல.”

அவர் போன பிறகும் அந்த உப்புக் காற்று என்னை விடவில்லை. கடலுக்கு நடுவே போய், கடலைத் திரையில் பார்ப்பதா? கப்பல்கள் எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம் பாட்டன்மார் ஏறிய கப்பல் ‘ராஜூலா’. 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம்வரை போய்வந்தது. ஏறத்தாழ 8,500 டன். தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பாயும் டிரங்குப் பெட்டியும்தான் அவர்களுடைய அறை.

இன்றைய பெருங்கப்பல்களில் ஒன்று ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’. 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்டது. 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், ஏழு நீச்சல் குளங்கள், 2,48,663 டன். கப்பலுக்குச் சொல்லும் இந்த டன் எடையல்ல, உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. இதில் அதிகபட்சம் 7,600 பயணிகள் ஏறலாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பயணிகள் ஒன்றரை மடங்காகத்தான் கூடியிருக்கிறார்கள். இடமோ 29 மடங்கு! ஆக, கூட்டத்தை ஏற்றுவதற்காகக் கப்பல் பெரிதாகவில்லை. மனிதனுக்கும் கடலுக்கும் இடையில் வைக்கும் பொருள்கள்தாம் பெருகியிருக்கின்றன. கடைவீதி, பனிச்சறுக்குத் தளம், கப்பலின் நடுவே நிஜச் செடிகொடிகளுடன் ஒரு பூங்கா. அந்தப் பூங்காவைப் பார்த்தபடி பால்கனி வைத்த அறைகளும் உண்டு. அந்தப் பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுப் பால்கனிதான் தெரியும். அதற்கு விவேக் நகர் போதாதா?

காரணம் வியாபாரம்தான். கப்பல் பெரிதாகப் பெரிதாகத் தலைக்கு ஆகும் எரிபொருள் செலவும் ஊழியர் செலவும் குறையும். டிக்கெட்டை மலிவாக்கலாம். பிறகு மதுக்கூடம், சூதாட்டக்கூடம், தனிக் கட்டண உணவகம், கடைகள் எனக் கப்பலுக்குள்ளேயே உங்கள் பணப்பையைத் திறக்க வைக்கலாம். அலையையே பார்த்துக்கொண்டு நிற்கும் பயணியால் யாருக்கு வரும்படி?

பெருங்கப்பல் நுழைய முடியாத துறைமுகங்களும் நிறைய. நுழைந்த இடங்களில் ஊர்க்காரர்கள் சலித்துப்போகிறார்கள். ஒரே காலையில் ஐயாயிரம் பேர் இறங்கி, மாலையில் ஏறிப் போய்விட்டால் ஊருக்கு மிஞ்சுவது நெரிசல்தானே. வெனிஸ் நகரின் முக்கியக் கால்வாய் ஒன்றில் பெருங்கப்பல்கள் வர 2021 ஆகஸ்டு முதல் தடை. நிறுவனங்கள் இதற்கும் ஒரு வழி கண்டன. ஒரு தீவையே தங்கள் பயணிகளுக்கென்று வைத்துக்கொண்டு, அங்கேயும் நீர்ச்சறுக்கு கட்டிவிட்டார்கள். பஹாமாஸில் உள்ள கோகோகே அப்படித்தான் 2019-இல் உருமாறியது. ஊர் பார்க்கப் போன பயணம், ஊரே இல்லாத பயணமாக முடிகிறது.

நம் பக்கம் வந்த கப்பல் அவ்வளவு பெரிதல்ல. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தாரே, அந்த ‘எம்ப்ரஸ்’ 1990-இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் பயணத்தைத் தொடங்கியது. அன்று அதை ஓட்டிய அதே நிறுவனம்தான் இன்று ‘ஐகானை’ ஓட்டுகிறது. அளவு 48,000 டன்னுக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட டைட்டானிக் அளவு. 2023 ஜூனில் அந்தக் கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்வந்தது. அதைப்போல் ஐந்து மடங்குள்ள கப்பலைக் காங்கேசன்துறையில் நினைத்துப் பார்க்கத்தான் முடியுமா?

இத்தனையும் சொல்வதால் பெரிய கப்பலே கூடாது என்று நான் கட்சி கட்டவில்லை. டீச்சருக்கு முழங்கால் வலி. லிப்ட் இருந்ததால் கப்பல் முழுக்கச் சுற்றினார். கப்பல் ஆடியதே தெரியவில்லையாம். ராஜூலாவின் கீழ்த்தளத்தில் வாந்தியும் வியர்வையுமாகப் பிழைப்புக்குப் போனவர்கள் கடலை ரசிக்கவா போனார்கள்? அந்தப் பயணத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவது நாம் அவர்களுக்குச் செய்யும் அநியாயம். மூன்று தலைமுறை ஒன்றாகப் போய், அவரவருக்குப் பிடித்ததில் பொழுது போக்க வேண்டுமென்றால் பெரிய கப்பலுக்கு ஈடில்லை. ஆனால் நீங்கள் வாங்குவது மிதக்கும் ஓர் ஊரில் தங்குவதற்கான டிக்கெட். அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

கடல்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பெரிய கப்பலிலேயே போனாலும், அறை எடுக்கும்போது ஜன்னல் இருக்கிறதா, அந்த ஜன்னல் எதைப் பார்க்கிறது என்று கேளுங்கள். விடிகாலை ஐந்தரைக்கு மேல்தளத்துக்கு ஏறுங்கள். முந்தைய இரவு ஆடியவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் பகுதியில் பலருக்குக் கடல் என்றாலே வேளாங்கண்ணிதான். செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வருகிறோம். அங்கிருந்து நாகப்பட்டினம் கூப்பிடு தூரம். 2023 அக்டோபரில் அங்கிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி கிளம்பியது. சுமார் 150 பேர், 60 கடல் மைல், ஏறத்தாழ நான்கு மணி நேரம். பருவமழைக் காலத்தில் நிறுத்துவதுண்டு, அதனால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நீச்சல் குளமும் நாடக அரங்கும் கிடையாது. மறுகரையில் இறங்கினால் தமிழ் பேசும் ஓர் ஊர் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ராஜூலாவிலோ, அதன் பிறகு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலிலோ போய்வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொன்னதை இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்போர் சிலரே. என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், இரவில் என்ன பாடினார்கள் என்று இன்றே உட்கார்ந்து கேளுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

வியாழக்கிழமை நேரில் வந்தாலும் சரி, காபி உண்டு. ஆட்டோவைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்