கடற்பூங்கா காணச் செல்வோர் கடன்

குமணன்சாவடியிலும் அதன் சூழலிலும் வளர்ந்த நமக்கு நீர்விளையாட்டு என்றவுடன் பெங்களூர்ப் பெருவழியோரத்துக் கேளிக்கைப் பூங்காக்களின் செயற்கைக் குளங்களே நினைவுக்கு வரும். நுழைவுச்சீட்டு வாங்குவோம், நீராடுவோம், மீள்வோம். அக்குளம் நம்பொருட்டே கட்டப்பட்டது. ஆதலின் ஆண்டு நமக்கு உரிமையுண்டேயன்றிக் கடமை மிகுதியாக இல்லை. இம்மனப்பான்மையோடே மெய்யான கடலினுள்ளும் புகுதல் தகுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

சென்ற விடுமுறையில் நண்பர் சிலரோடு இராமநாதபுரக் கடற்கரைக்குச் சென்று, மன்னார் வளைகுடாக் கடற்பூங்காவைக் கண்ட நாளிலேயே இவ்வினா நம் உள்ளத்தெழுந்தது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமில்லாக் கடலையும் தன்னகத்தே கொண்டு, ஏறக்குறைய 560 சதுர கிலோமீட்டர் பரந்து கிடப்பது அப்பூங்கா. 1986-ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாயிற்று. அதனையுள்ளிட்ட பெரும்பரப்பு 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்று, 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. பவளப்பாறை, கடற்புல் வெளி, அலையாத்திக் காடு என்னும் மூன்றும் அங்கே அண்டை வீட்டார்போல் கூடிவாழ்கின்றன. கடற்புல்லை மேய்ந்து திரியும் கடற்பசுவை அந்நாட்டார் ஆவுளியா என்பர்.

அடியில் கண்ணாடி பதித்த படகிலமர்ந்து நாம் கீழே நோக்கினோம். மான்கொம்புபோல் கிளைத்த பவளமும், அவற்றினூடே புகுந்து புறப்படும் கிளிமீன்களும் கண்டு வாயடைத்துப் போனோம். அவ்வேளையில் உடன்வந்த பயணியருள் ஒருவர், படகை நிறுத்தினால் தாம் இறங்கி ஒரு துண்டு ஒடித்துக்கொள்வதாகக் கூறினார். படகோட்டி மறுத்துவிட்டார். பயணியோ தாம் காசு கொடுத்திருப்பதை நினைவூட்டினார். கேளிக்கைக் குளத்தின் நீதி கடலிலும் வந்து பேசிற்றன்றோ!

அவர் அறியாதது ஒன்றுண்டு. அக்கொம்பு கல்லன்று, எண்ணிறந்த சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. உருண்டைப் பவளம் ஆண்டொன்றுக்கு ஒரு விரலகலமும் வளர்வதில்லை. ஒருவர் ஒருமுறை கால் ஊன்றிய பிழையைக் கடல் திருத்துவதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். முற்காலத்தே சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்கும் பவளத்தை வரம்பின்றி வெட்டியதன் பயனாக, அத்தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் நீருள் மூழ்கின. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிக வெம்மையுற்றுப் பவளங்கள் வெளிறிய துயரும் உண்டு.

பிறரைக் குறைகூறுமுன் நம்மையும் நோக்கிக்கொள்ளல் வேண்டும். தனுஷ்கோடியில் 1964-ஆம் ஆண்டுப் புயலால் பாழ்பட்ட ஆலயத்தின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தோம். அவை பவளக்கற்கள். ஆண்டவரைத் தொழுதற்கு நாம் எழுப்பிய இல்லமும் அவர் படைத்த பிறிதோர் இல்லத்தை இடித்துக் கட்டப்பட்டதென்று எண்ணியபோது நெஞ்சம் கனத்தது. ஏதேன் தோட்டத்தில் மனிதன் வைக்கப்பட்டது அதனைப் பண்படுத்தவும் காக்கவுமே என்று ஆதியாகமம் கூறுவதை நாம் சிறுவயது முதல் கேட்டுவருகின்றோம். காத்தல் என்னும் பாதியை மறந்தோம் போலும்.

அங்ஙனமாயின் எவரும் அங்குச் செல்லாதிருத்தலே நன்று என்பர் சிலர். அஃது எமக்கு உடன்பாடன்று. காணாத பொருளின்மேல் அன்பு தோன்றுவது அரிது. குருசடைத் தீவின் உயிர்களை அறிஞர் பலர் நேரிற் சென்று ஆய்ந்து எழுதியவற்றைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் நூலாக வெளியிட்டமையாலன்றோ அத்தீவின் அருமையை உலகம் அறிந்தது! செல்லுதல் வேண்டும், ஆயின் எவ்வாறு செல்லுதல், எவரை ஆசானாகக் கொள்ளுதல் என்பனவே வினாக்கள்.

இவ்விடத்தே நாம் கண்ட மற்றொரு காட்சியைக் கூறுதல் வேண்டும். பாம்பன் கரையில், விரல்களில் துணி சுற்றி, நீர்க்கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்டிரைக் கண்டோம். அவர் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தே அகர் என்னும் பொருள் ஆக்கப்படுகின்றது. ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டுகளில் உறைந்திருப்பது அவ்வகைப் பொருளே. ஆயினும் பூங்காவின் தீவுகளை அணுகிப் பாசி எடுத்தால் அப்பெண்டிர் சட்டத்தை மீறியவராவர். அவர்களுள் முதியவளொருத்தி நம்மைத் தம்பி என்றழைத்து, சீட்டு வாங்கியவர்க்குத் தீவு திறந்திருக்க, அதனருகே பிறந்த தமக்கு மட்டும் ஏன் அடைபட்டது என்று வினவினாள். விடை கூற நாவெழவில்லை.

அவர்களைக் கடலின் பகைவரென்று கொள்ளுதல் பேதைமை. பாம்பனையடுத்த சின்னப்பாலத்தைச் சார்ந்த இலக்குமி மூர்த்தி என்னும் அம்மையார், திங்களுக்கு 12 நாள் மட்டுமே பாசி எடுத்தல் என்னும் கட்டுப்பாட்டைத் தம் தோழியரிடையே நிலைபெறச் செய்தார். அதன்பொருட்டு 2015-இல் அமெரிக்க நாட்டின் சீகாலஜி விருதினைப் பெற்றார். கற்றார் பலர் மேடையில் பேசும் அடக்கத்தைக் கல்லாதார் கடலில் நடத்திக் காட்டினர்.

சட்டத்தை நீக்குக என்று நாம் கூறவில்லை. பவளம் அழிந்தபின் பாசியும் இராது, மீனும் இராது. தொன்றுதொட்டுப் புகழ்பெற்ற முத்துக்குளிப்பே 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் ஓய்ந்துபோயிற்றன்றோ? நாம் வேண்டுவது இதுவே: கடலைக் காட்டும் தொழில் எங்கெங்கு நடைபெறுகின்றதோ, அங்கெல்லாம் அக்கடலை மூச்சடக்கி அறிந்த பெண்டிர் வழிகாட்டிகளாகவும் ஆசிரியராகவும் முதலிடம் பெறல் வேண்டும், வருவாயிலும் அவர்க்குப் பங்கு வேண்டும். இஃது இயலாததன்று. தொண்டிக்கு அண்மையிலுள்ள காரங்காட்டில் வனத்துறையும் ஊராரும் கூடி, அலையாத்திக் காட்டினூடே படகு செலுத்திக் காட்டி வருகின்றனர்.

மாணவராகிய நம் கடன் யாது? உடன்செல்வார் காட்டிய இடத்தன்றி நீரில் இறங்கற்க. பவளத்தின்மேல் கால் வையற்க. சங்கெனினும் சிப்பியெனினும் எடுத்து வரற்க. கண்டதை எழுதி வருக. ஆண்டுதோறும் உல்லாசப் பயணம் செல்லும் நம் சங்கங்கள், ஓராண்டேனும் இக்கரைக்குச் சென்று, பாசி எடுக்கும் அன்னையரை ஆசிரியராகக் கொண்டு ஒருநாள் பாடங் கேட்குமாக.

நற்றிணையின் நெய்தற் பாட்டொன்றில், தாய் தன்னோடு சேர்த்து வளர்த்த புன்னையை உடன்பிறந்தாளாக எண்ணும் தலைவி, அதன் நிழலில் தலைவனோடு நகைத்து விளையாட நாணுகின்றாள். அப்பாட்டைத் தேர்விற்காகப் படித்தோம்; பாம்பன் கரையிலேதான் பொருளுணர்ந்தோம். தன் தலையையே புலவற்கு ஈய முன்வந்த குமணன் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து சென்ற நாம், கடலிடம் ஒரு பவளத் துண்டை இரவாமலேனும் மீண்டோம் என்பதே அன்றைய பயணத்தில் நமக்கெஞ்சிய சிறு மகிழ்ச்சி. அம்முதியவளின் வினாவிற்கு விடை கூறும் கடனோ இன்னும் நம்மீது நிற்கின்றது.