குடல் அழற்சி நோய்க்குப் பாக்டீரியா காரணமா? இந்திய நோயாளிகளுக்கு இக்கேள்வி ஏன் முக்கியம்

நீடித்த வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் ஆகிய அறிகுறிகளுடன் வரும் நோயாளிக்கு இருப்பது குடல் காசநோயா, கிரோன் நோயா என்பதைப் பிரித்தறிவது இந்திய மருத்துவர்களுக்கு இன்றும் கடினமான பணியாகவே உள்ளது. முதலாவது, மருந்துகளால் குணமாகும் பாக்டீரியாத் தொற்று. இரண்டாவது, முழுமையான தீர்வு காணப்படாத நாள்பட்ட அழற்சி. எனினும், கிரோன் நோய்க்கும் ஒரு கிருமியே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது.

1913-ல் ஸ்காட்லாந்து அறுவை சிகிச்சை நிபுணர் கென்னடி டேல்சியல், சில நோயாளிகளின் குடலில் கண்ட மாற்றங்கள் கால்நடைகளைத் தாக்கும் ஜோனி நோயை ஒத்திருப்பதாகக் குறிப்பிட்டார். ஜோனி நோயை உண்டாக்கும் பாக்டீரியா, காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தது. 1984-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிரோன் நோயாளிகளின் குடல் திசுவிலிருந்து இவ்வகைக் கிருமியைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தபோது எதிர்பார்ப்பு உயர்ந்தது.

இந்த எதிர்பார்ப்புக்கு முன்னுதாரணமும் உண்டு. வயிற்றுப் புண்ணுக்கு மன உளைச்சலும் அமிலமுமே காரணம் என நம்பப்பட்ட காலத்தில், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் பங்கை வெளிப்படுத்திய பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-ல் நோபல் பரிசு பெற்றனர். ஆன்டிபயாடிக் மருந்தால் கிருமி அகன்றதும் புண் குணமானதே அங்கு வலுவான சான்றாக அமைந்தது.

கிரோன் நோயில் அத்தகைய சான்று கிட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் 213 நோயாளிகளிடம் மூன்று ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2007-ல் வெளியாயின. தொடக்கத்தில் தென்பட்ட முன்னேற்றம் நீடிக்கவில்லை. மறுபுறம், பாக்டீரியாவை உணர்ந்தறிய உதவும் நாட்-2 மரபணுவின் மாற்றங்களுக்கும் கிரோன் நோய்க்கும் தொடர்பிருப்பது 2001-ல் கண்டறியப்பட்டது. ஒரே கிருமியின் தாக்குதலைவிட, குடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களிடம் உடலின் எதிர்ப்பாற்றல் தவறாக நடந்துகொள்வதே சிக்கல் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒரு பங்கினரைக் கொண்ட இந்தியாவில் இது ஆய்வகத்தோடு நின்றுவிடும் விவாதம் அல்ல. இரு நோய்களும் பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் பகுதியையே தாக்குகின்றன. திசுப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி பல நேரங்களில் தென்படுவதில்லை. ஆகவே ஐயமுள்ள நிலையில் காசநோய் மருந்துகளைத் தொடங்கி, இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் கொலனோஸ்கோபி செய்து புண்கள் ஆறியுள்ளனவா எனப் பார்க்கும் நடைமுறை இங்கு பின்பற்றப்படுகிறது.

தவறான முடிவின் விலை அதிகம். கிரோன் நோயாளி காசநோய் மருந்திலேயே மாதங்களைக் கழித்தால், குடல் சுருங்கி அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை உருவாகலாம். காசநோயாளிக்கு ஸ்டீராய்டு அல்லது எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தால் தொற்று உடலெங்கும் பரவலாம்.

பாக்டீரியாவே காரணம் என எண்ணி ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தாமாக வாங்கி உட்கொள்வதும் ஆபத்தானது. அவை நன்மை தரும் நுண்ணுயிரிகளை அழித்து, குடல் அழற்சியை மேலும் தீவிரமாக்கும் வேறொரு பாக்டீரியாத் தொற்றுக்கு வழிவகுக்கக்கூடும். குறித்த காலத்தில் மறுபரிசோதனை நடைபெறுவதும், அதற்கான வசதி மாவட்ட மருத்துவமனைகள் வரை சென்றடைவதுமே நோயாளிகளுக்கு உடனடியாகத் தேவைப்படுகின்றன.