மர்லின் மன்றோவும் மந்திரி குமாரியும்

போன வாரம் தூக்கம் வராத ஒரு ராத்திரியில 'தி மிஸ்ஃபிட்ஸ்' (1961) பார்த்தேங்க. ஜான் ஹஸ்டன் டைரக்ஷன், எழுதினது ஆர்தர் மில்லர். கிளார்க் கேபிள், மர்லின் மன்றோ ரெண்டு பேருமே முழுசா நடிச்சு முடிச்ச கடைசிப் படம்.

நெவாடா பாலைவனத்துல காட்டுக்குதிரைகளைத் துரத்திப் பிடிச்சு, நாய்த்தீனிக்கு விக்கிறாங்க. மர்லின் தாங்க முடியாம கத்தித் தீர்க்கிறார். கடைசியில கேபிள் தனி ஆளா குதிரையை அடக்கிக் காட்டிட்டு, அப்புறம் தானே கயித்தை அறுத்து விடுறார். ரெண்டு பேரும் ஜோடியா கிளம்புறாங்க. சுபம்.

அருமையான படம்தான். ஆனா உறுத்தலா இருந்துச்சு. அழுறது அவங்க, முடிவு பண்றது அவரு!

இதுக்குப் பதினோரு வருஷம் முன்னாடியே, ஏற்காடு போற ரோட்டுல இருந்த நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'மந்திரி குமாரி' (1950) எடுத்துட்டாங்க. எல்லிஸ் ஆர். டங்கன்ங்கிற அமெரிக்கரும் டி.ஆர். சுந்தரமும் டைரக்ஷன், கலைஞர் வசனம். கொள்ளைக்காரன், காதல், மலை உச்சின்னு வெஸ்டர்ன் சமாச்சாரம் எல்லாமே இருக்கு. புருஷன் தன்னைத் தள்ளிவிடத்தான் கூட்டிட்டு வந்திருக்கான்னு மாதுரி தேவிக்குத் தெரிஞ்சதும், "மூணு தடவை உங்களைச் சுத்தி வந்து கும்பிட்டுக்கிறேன்"னு கேட்டு, பின்னாடியிருந்து அவனைத் தள்ளி விட்டுடுறார். எம்.ஜி.ஆர். ஹீரோவா இருக்கிற படத்துலயே அவர் வந்து காப்பாத்தட்டும்னு காத்திருக்கலை பாருங்க! குண்டலகேசி கதைதான், ஆனா அதைத் தைரியமா எடுத்தாங்களே.

இப்ப மேட்டருக்கு வரேன். ரெண்டு மாசம் முன்னாடி ஆபீஸ் கும்பலோட ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பகோடா பாயின்ட்ல நின்னதும் நம்ம பசங்க திருச்சி லோகநாதன் - ஜிக்கி பாட்டை ஆரம்பிச்சாங்க. கல்யாணமான ஒருத்தர் மனைவியைப் பார்த்து வில்லன் மாதிரி கையை நீட்டிக் கூப்பிட, ஒரே சிரிப்பு. நானும்தான் சிரிச்சேன். அவங்க மட்டும் சிரிக்கலை. "அந்தப் படத்துல கீழே விழுந்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டுட்டு வேனுக்குப் போயிட்டாங்க.

சத்தியமா யாருக்கும் பேச்சு வரலைங்க.

எழுபது வருஷத்துக்கும் மேல ஆகுது. நமக்கு ஞாபகம் இருக்கிறது அவன் கூப்பிட்ட பாட்டு மட்டும்தான். அவ சுத்தி வந்த மூணு சுத்து மறந்தே போச்சு.

டிஸ்கி: அடுத்த தடவை மலை உச்சியில பாடுறவங்க, பாட்டுக்கு அப்புறம் வர்ற சீனையும் ஒருதரம் பார்த்துட்டுப் பாடுங்கப்பு :-)